திருத்தச் சீட்டு

சுருக்கெழுத்தில் மௌனத்துக்குக் குறி கிடையாது.
இருமலுக்குக் கிடையாது, தண்ணீர் குடிப்பதற்கும்.
கைதட்டலுக்கு மட்டும் அடைப்புக்குறி உண்டு.
டாக்காவில், ஏரி நடுவே நிற்கும் அந்தக் கான்கிரீட்டுக்குள்
முப்பத்தொரு வருடம் பென்சில் சீவினேன்.
பத்து நிமிடம் ஒருத்தி எழுதுவாள்,
பிறகு அடுத்தவள் வந்து உட்காருவாள்.
எந்தப் பேச்சையும் முழுதாகக் கேட்டதில்லை நான்.
தலைவர்கள் எல்லோரையும்
பத்துப் பத்து நிமிடமாகத்தான் தெரியும்.

தொஃபஸ்ஸல் பிரதானையும் அப்படித்தான்.

முதல் தடவை அவருக்குக் கடைசி வரிசை, தூண் மறைவில்.
ஒலிபெருக்கி வேண்டியிருக்கவில்லை.
பிரம்மபுத்திராவின் மணல்திட்டில் நின்று
மறுகரைப் படகைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை.
"எங்கள் வடக்கில் பட்டினிக்கு ஒரு பெயர் இருக்கிறது, மொங்கா.
பயிர் பால்பிடிக்கும் முன் வரும்,
அறுத்த பின்தான் போகும்.
சம்பந்தி வீட்டார் கூட அத்தனை நாள் தங்குவதில்லை"
என்று சொல்லி, பையிலிருந்து
அவித்த காட்டுச் சேம்பங்கிழங்கு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.
சபை சிரித்தது.
பதிவேட்டில் அது இப்படி இருக்கிறது:
(பொருள் அகற்றப்பட்டது.)

இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே கட்சி மாறினார்.
கால்நடைக்குத் துணை அமைச்சர்,
கொஞ்ச காலம் சணல்,
பிறகு உணவு.
இருக்கை முன்னால் வர வர
குரல் இறங்கிற்று.
அருகில் வந்துவிட்டதால் எனக்கு மட்டும் அப்படிக் கேட்டதோ என்னவோ.
"நான்" போய் "அரசு" வந்தது.
"சாகிறார்கள்" இருந்த இடத்தில்
"அறிக்கை கோரப்பட்டுள்ளது."
அந்தத் தொடருக்கு ஒரே இழுப்பில் ஒரு குறி வைத்துக்கொண்டேன்.
கைவலி குறைந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

ஒரு கார்த்திக் மாதம், காலைக் கேள்வி நேரம், என் பத்து நிமிடம்.
வடக்கில் எத்தனை பேர் இறந்தார்கள்
என்று ஓர் இளம் உறுப்பினர் கேட்டார்.
அமைச்சர் எழுந்தார். கையில் தட்டச்சிட்ட தாள்.
பென்சில் காகிதத்தைத் தொட்டபடி நின்றது.
எதிர்ச்சுவர்க் கடிகாரத்தில் பதினோரு விநாடி.
"பசியால் ஒருவரும் இறக்கவில்லை."
(கைதட்டல்.)
அச்சில் கேள்வியும் பதிலும்
பொதுச்சுவர் வைத்த இரண்டு வீடுகளாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன.
பதினோரு விநாடி புக ஓர் எறும்புவழி கூட இல்லை.

ஆட்சி போயிற்று. கோதுமை இறக்குமதி வழக்கு.
பதினேழு மாதம் சிறை, பிறகு விடுதலை,
பிறகு சொந்தத் தொகுதியிலேயே கட்டுத்தொகை போனது.
இதெல்லாம் செய்தித்தாளில் படித்தது,
என் பத்து நிமிடங்களில் வராதது.

நான் ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கையில் எங்கள் பிரிவுக்கு வந்தார்.
மழை. ரிக்ஷாவிலிருந்து இறங்கிய செருப்பு
தரையெங்கும் சேற்று அச்சு வைத்தது.
திருத்தப் படிவம் வேண்டும் என்றார்.
மறுநாள் நண்பகலுக்குள் தரவேண்டும், விதி அப்படி.
அவர் வந்தது பத்தொன்பது வருடம் கழித்து.
ஏன் எடுத்துக் கொடுத்தேனென்று தெரியாது.
பக்கம், வரி, எல்லாம் மனப்பாடமாக எழுதினார்.
தவறாகப் பதிவான சொல்: ஒருவரும்.
சரியான சொல்: சொகினா பேவா.

பேவா என்றால் எங்களிடம் விதவை.

வாங்கிப் படித்தேன். தொழில் புத்தி விடுமா?
"ஐயா, இப்படி மாற்றினாலும் வாக்கியம் பொய்தான்.
வினைச்சொல்லையும் திருத்தவேண்டும்" என்றேன்.
பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.
வெகுநேரம் எழுதவில்லை.
நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"இறக்கவில்லை"யை அடித்துவிட்டு மேலே எழுதினார்.
எழுத்து கோணியிருந்தது.
தேநீர் வரவழைத்தேன், குடிக்காமலே போனார்.

அந்தச் சீட்டுக்கு வரவு எண் போட முடியாது.
கிழிக்கவும் எனக்கு அதிகாரம் இல்லை.
அவள் அவருக்கு யார்?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.